இமை தொங்குகிறது என்றால், எது தொங்குகிறது?

"கண் இமை தொங்கிப்போச்சு, ஆபரேஷன் பண்ணிக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் சொல்ல முடியாது. 'இமை தொங்குது' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுவதற்குள் மூன்று வேறு குறைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் அறுவை சிகிச்சை வேறு வேறு. ஒன்றுக்குரியதை இன்னொன்றுக்குச் செய்தால் தழும்புதான் மிஞ்சும், கண் திறக்காது.

இமை அறுவை என்றாலே சினிமாக்காரர்கள் செய்துகொள்ளும் அழகு சிகிச்சை என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். கண்புரை ஆபரேஷன்போல் கண்ணுக்குள் கத்தி வைப்பார்களோ என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்த அறுவையில் கண்ணுருண்டைக்குள் எதுவும் செய்வதில்லை. அழகுக்காகச் செய்வதும் உண்டு, மறைந்துபோன பார்வையை மீட்கச் செய்வதும் உண்டு. பல நேரம் ஒரே வெட்டில் இரண்டும் நடந்துவிடும்.

## தாழ்வாரத்துப் படுதா

வெயிலுக்கும் சாரலுக்கும் தாழ்வாரத்தில் துணிப் படுதா கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே உத்தரத்தில் தொங்கும், அடியில் ஒரு மரச்சட்டம் இருக்கும். சட்டத்தில் முடிந்த கயிற்றை இழுத்தால் படுதா ஏறும், விட்டால் இறங்கும். மேல் இமையும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது.

துணியின் இடத்தில் இருப்பது இமைத் தோல். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இதுதான், 1 மி.மீ. தடிமன்கூட இல்லை. அதற்கு அடியில் கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசை கண்ணை மூடுகிறது.

மரச்சட்டத்தின் இடத்தில் இருப்பது டார்சஸ், அதாவது இமைக்கு விறைப்புத் தரும் தகடு. மேல் இமையில் சுமார் 10 மி.மீ. உயரம், கீழ் இமையில் சுமார் 4 மி.மீ. கண்ணில் தூசி விழுந்தால் இமையைப் புரட்டிப் பார்ப்பார்களே, அப்போது பலகைபோல் நிற்பது இந்தத் தகடுதான்.

கயிறு என்பது லெவேட்டர், இமையைத் தூக்கும் தசை. கண்குழியின் ஆழத்தில் தொடங்கி, கண்ணுருண்டையின் மேலாக முன்னால் வந்து, கடைசியில் மெல்லிய வெள்ளை நாணாக மாறி டார்சஸில் ஒட்டுகிறது. அதே நாணின் சில இழைகள் தோலிலும் பிடிப்பதால்தான் மேல் இமையில் மடிப்புக்கோடு விழுகிறது. லெவேட்டருக்கு அடியில் முல்லர் தசை என்ற சிறு துணைத்தசை உண்டு, அது தருவது சுமார் 2 மி.மீ. தூக்கல்தான். உத்தரம் என்பது புருவம். நெற்றித் தசை அதை மேலே பிடித்து வைத்திருக்கிறது.

இனி படுதா தொங்கும் வகைகளைப் பாருங்கள். துணி மிகுந்து சட்டத்தைத் தாண்டி வழியலாம். கயிற்றின் முடிச்சு நழுவிச் சட்டமே இறங்கலாம். அல்லது உத்தரமே தாழ்ந்து எல்லாவற்றையும் கீழே கொண்டுவரலாம். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

## துணி மிகுதல்

வயதாக ஆக இமைத் தோல் இழுவைத் தன்மையை இழந்து தளர்கிறது. கண்ணை அடிக்கடி கசக்குபவர்களுக்கும் அலர்ஜியால் இமை வீங்கி வடிபவர்களுக்கும் இது முன்கூட்டியே வரும். மிகுந்த தோல் முதலில் வெளிக்கோடியில் மடிந்து விழும், பிறகு இமைமயிர்மேல் ஏறி உட்காரும். பக்கவாட்டில் வரும் வண்டி சரியாகத் தெரியாது. மடிப்புக்குள் வியர்வை தங்கி அரிப்பெடுக்கும். ஆனால் தோலை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தால் இமையின் விளிம்பு அதற்குரிய உயரத்தில் சரியாகவே நிற்கும்.

இதற்குத்தான் பிளெஃபரோபிளாஸ்டி, அதாவது மிகுந்த இமைத் தோலையும் தேவையானால் கொஞ்சம் கொழுப்பையும் நீக்கித் தைக்கும் அறுவை. இந்தப் பெயர் பழையது. ஜெர்மன் மருத்துவர் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிராஃபே 1818-இல் இதைப் பயன்படுத்தியது புற்றுநோய்க் கட்டியை எடுத்தபின் இமையைச் சீரமைப்பதற்காக. அழகுக்காக அல்ல.

## கயிறு நழுவுதல்

இதுதான் டோசிஸ், இமை விளிம்பே கீழே இறங்கிவிடும் நிலை. இயல்பில் மேல் இமை கருவிழியின் மேல்விளிம்பை 1 முதல் 2 மி.மீ. மூடியிருக்கும். கண்ணுக்கு நேரே டார்ச் அடித்தால் பாவையின் (கருவிழி நடுவிலுள்ள கறுப்புத் துளை) மையத்தில் ஒரு ஒளிப்புள்ளி தெரியும். அந்தப் புள்ளிக்கும் மேல் இமை விளிம்புக்கும் இடையே 4 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும். இயல்பிலிருந்து 2 மி.மீ. இறங்கினால் லேசான டோசிஸ், 3 என்றால் நடுத்தரம், 4 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை.

பெரியவர்களுக்கு வரும் டோசிஸில் பெரும்பாலும் தசை பலமாகவே இருக்கும், நாண்தான் டார்சஸிலிருந்து நழுவியோ மெலிந்தோ போயிருக்கும். முதுமை, பல ஆண்டு கடினமான கான்டாக்ட் லென்ஸ் அணிந்து கழற்றியது, ஓயாமல் கண் கசக்குவது, கண்புரை போன்ற அறுவைகளின்போது இமையை விரித்துப் பிடித்த இழுப்பு ஆகியவை காரணமாகலாம். நாண் பின்வாங்கும்போது மடிப்புக்கோட்டையும் கூட இழுத்துச் செல்வதால் கோடு வழக்கத்தைவிட உயரத்தில் தெரியும், மேல்குழி ஆழமாகும். குனிந்து படிக்கும்போது இமை இன்னும் இறங்கும். "பேப்பர் படிக்கையில் தூக்கம் வருதா தாத்தா?" என்று வீட்டில் கேட்பார்கள். அவர் தூங்குவதே இல்லை.

தோலைக் குறைப்பதால் இந்த இமை ஏறாது. துணியைக் கத்தரித்தால் சட்டம் எப்படி ஏறும்? தோல் மிகுதியும் டோசிஸும் சேர்ந்திருப்பவருக்குத் தோலை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டால், அதுவரை தோலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த இறங்கிய விளிம்பு வெளியே தெரியும். "ஆபரேஷனுக்கு அப்புறம்தான் கண் சின்னதாச்சு" என்ற புகார்கள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

## உத்தரம் இறங்குதல்

புருவம், குறிப்பாக அதன் வெளிப்பாதி, கண்குழி எலும்பின் விளிம்புக்குக் கீழே சரிந்தால் இமைத் தோல் நெருக்கப்பட்டு மிகுந்ததுபோலத் தெரியும். முகவாதம் வந்த பக்கத்தில் இது தெளிவாகத் தெரியும். இதற்குப் புருவத்தை ஏற்ற வேண்டும். புருவத்தைக் கவனிக்காமல் இமைத் தோலை வெட்டினால் புருவம் இன்னும் கீழே இழுபடும்.

ஆக, துணிக்குத் தோல் அறுவை, கயிற்றுக்கு நாண் அறுவை, உத்தரத்துக்குப் புருவ அறுவை. ஒருவருக்கே இரண்டோ மூன்றோ சேர்ந்தும் இருக்கலாம்.

## கண்ணாடி முன்னால் ஒரு சோதனை

நெற்றியைத் தளர்த்திக்கொண்டு நேராகப் பாருங்கள். பலருக்கு இது எளிதல்ல, இமை இறங்கியதை ஈடுகட்ட நெற்றித் தசை நாள் முழுக்கப் புருவத்தைத் தூக்கிக்கொண்டே இருக்கும். நெற்றிச் சுருக்கமும் சாயங்காலத் தலைவலியும் அதனால் வருபவைதான். புருவத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அது ஏறாதபடி அழுத்திக்கொண்டு கண்ணைத் திறந்து பார்த்தால் உண்மை நிலை தெரியும். மருத்துவர் இதே நிலையில் உங்களைக் கீழே பார்க்கச் சொல்லி, பிறகு மேலே பார்க்கச் சொல்லி, இமை விளிம்பு எத்தனை மி.மீ. பயணிக்கிறது என்று ஸ்கேலால் அளப்பார். 12 முதல் 15 மி.மீ. என்றால் தசை நன்றாக இருக்கிறது. 4 மி.மீ. அல்லது குறைவு என்றால் மிகப் பலவீனம். எந்த அறுவை என்பதை முடிவு செய்வதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

பத்து வருடம் முந்தைய கல்யாண ஆல்பமும் உதவும். அப்போதே அப்படித்தான் இருந்ததா, இப்போதுதான் மாறியதா என்பது சிகிச்சையின் போக்கையே மாற்றும்.

## அறுவையை மறந்துவிட்டு ஓட வேண்டிய நேரங்கள்

மெல்ல மெல்ல மாதக்கணக்கில் இறங்கும் இமை வேறு, திடீரென்று இறங்குவது வேறு. இறங்கிய பக்கத்துப் பாவை பெரிதாகிவிட்டது, கடும் தலைவலி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றால் மூளை ரத்தக்குழாயில் பலூன்போன்ற வீக்கம் நரம்பை அழுத்தலாம். பாவை சிறுத்து, கழுத்தும் வலித்தால் கழுத்து ரத்தக்குழாயின் சுவர் கிழிந்திருக்கலாம். இரண்டுக்கும் அன்றைக்கே, அந்த மணி நேரமே, பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயும் இமை நரம்பைத் தாக்குவதுண்டு. அதில் பாவை பெரும்பாலும் இயல்பாக இருக்கும், சில மாதங்களில் தானே மீளும் வாய்ப்பும் அதிகம்.

நம் ஊரில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று பாம்புக்கடி. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. விடிகாலையில் இரண்டு இமையும் திறக்க முடியாமல் எழுந்திருப்பதே முதல் அடையாளமாக இருக்கலாம். அடுத்து விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகள் நிற்கும். முறிமருந்தும் செயற்கைச் சுவாசமும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.

காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் சரியும் இமை மயஸ்தீனியாவாக இருக்கலாம். நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச்சேராத நோய் அது. மூடிய இமைமேல் 2 நிமிடம் ஐஸ் வைத்துப் பார்த்து, 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஏறினால் சந்தேகம் வலுக்கும். இதற்கு முதல் சிகிச்சை மருந்துதான், கத்தி அல்ல.

நெற்றிச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி) போட்டபின் இமை இறங்கினால் பதற வேண்டாம். மருந்தின் வேகம் குறையக் குறைய, சில வாரங்களில் சரியாகிவிடும்.

## அழகா, பார்வையா?

எல்லை எங்கே இருக்கிறது என்பதை அளந்து சொல்ல முடியும். கருவி முன் உட்கார்ந்து, நடுப்புள்ளியையே பார்த்தபடி, சுற்றிலும் மின்னும் புள்ளிகள் தெரியும்போது பொத்தானை அழுத்துவதுதான் பார்வைப்பரப்புச் சோதனை. இதை முதலில் இமை இருக்கும்படியே செய்வார்கள், பிறகு இமையைப் பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டி மறுபடி செய்வார்கள். மேல்பாதியில் காணாமல்போன புள்ளிகள் பிளாஸ்திரி ஒட்டியதும் திரும்பி வந்தால், பார்வையை மறைப்பது இமைதான் என்பதற்கு அதுவே சான்று.

பணத்துக்கும் இது முக்கியம். இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளின் வழக்கமான விலக்குகளில் 'தோற்றத்தை மாற்றும் சிகிச்சை' உண்டு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கான நேரடி ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியில் அவசியமான சிகிச்சைக்கும்தான் விலக்கு இல்லை. எனவே அறுவைக்கு முன்பே இரண்டு பார்வைப்பரப்புத் தாள்கள், நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த படங்கள், இமை உயரம் மி.மீ. கணக்கில் எழுதிய குறிப்பு ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி பெறுங்கள். வெட்டியபின் இவற்றை உருவாக்க முடியாது.

அழகுக்காகவே செய்துகொள்ள விரும்புவதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தெரிந்து செய்ய வேண்டும். கீழ் இமைப் பை ஏறக்குறைய எப்போதுமே தோற்றப் பிரச்சினைதான். கருவளையம் கீழ் இமை அறுவையால் போகும் என்று நம்பி வருபவர்கள் ஏமாறுகிறார்கள். தோலின் நிறமியைக் கத்தி மாற்றாது. காலையில் மட்டும் இமை வீங்கினால் முதலில் சிறுநீரகம், தைராய்டு, அலர்ஜி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கொரியாவில் பரவலாகச் செய்யும் 'டபுள் ஐலிட்' முற்றிலும் வேறு: பிறவியிலேயே மடிப்புக்கோடு இல்லாத இமையில் கோடு உண்டாக்குவது. ஜப்பானில் மிகாமோ என்ற மருத்துவர் இதை 1896-இலேயே விவரித்திருக்கிறார்.

## ஆபரேஷன் மேஜையில்

தோல் அறுவையின் உயிர், கத்தி எடுப்பதற்கு முன் போடும் கோட்டில் இருக்கிறது. உட்கார வைத்துத்தான் குறிக்க வேண்டும். படுத்தால் தோல் பின்னுக்குச் சரிந்து கணக்குத் தப்பும். கீழ்க்கோடு மடிப்பில், பெண்களுக்கு இமைமயிரிலிருந்து 8 முதல் 10 மி.மீ., ஆண்களுக்கு 7 முதல் 8 மி.மீ. உயரத்தில் விழும். மேல்கோட்டை முடிவு செய்ய, தோலை மழுங்கிய இடுக்கியால் கிள்ளிப் பிடித்துக் கண் மூடுகிறதா என்று பார்ப்பார்கள். புருவத்துக்கும் இமைமயிருக்கும் இடையே குறைந்தது 20 மி.மீ. தோல் மிஞ்ச வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எடுத்தது போதவில்லையென்றால் பிறகு இன்னும் எடுக்கலாம், அதிகமாக எடுத்ததைத் திரும்ப வைப்பது மிகக் கடினம்.

மரத்துப்போக லிக்னோகெயினுடன் அட்ரினலின் கலந்த ஊசி போடுவார்கள். அட்ரினலின் ரத்தக்கசிவைக் குறைக்கும். ஊசி குத்தும் சில நொடிகள்தான் எரியும். தோலை எடுத்து, உட்கோடியில் துருத்தும் கொழுப்பைத் தேவையான அளவுக்குக் குறைத்து, 6-0 எனப்படும் மெல்லிய நூலால் தைப்பார்கள். வெளிக்கோடியில் கொழுப்புபோலத் தெரிவது கண்ணீர்ச் சுரப்பியாக இருக்கலாம், அதை வெட்டக் கூடாது.

டோசிஸுக்கு அதே வெட்டு வழியாக உள்ளே போய், பின்வாங்கிய வெள்ளை நாணைக் கண்டுபிடித்து, முன்னால் இழுத்து டார்சஸில் தைக்கிறார்கள். நழுவிய முடிச்சை மறுபடி கட்டுவதுதான் இது. நடுவில் உங்களைக் கண் திறக்கச் சொல்லி, தேவையானால் உட்காரவும் வைத்து, உயரத்தைச் சரிபார்ப்பார்கள். பெரியவர்களுக்கு இந்த அறுவையில் பொதுவாக முழு மயக்கம் கொடுக்காததற்கு இதுவே காரணம். லேசான டோசிஸில், முல்லர் தசையைத் தூண்டும் 2.5% ஃபினைலெஃப்ரின் சொட்டு விட்டுச் சில நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். இமை நன்றாக ஏறினால், இமையைப் புரட்டி உட்புறமிருந்தே முல்லர் தசையைச் சுருக்கலாம், வெளியே தழும்பு இருக்காது.

தசைப் பயணம் 4 மி.மீ.க்குள் இருந்தால் பழைய கயிற்றை நம்பிப் பயனில்லை. புதுக் கயிறு போட வேண்டும்: சிலிக்கான் இழையாலோ தொடையிலிருந்து எடுத்த திசுப்பட்டையாலோ இமையை நெற்றித் தசையோடு இணைப்பார்கள். பிறகு புருவத்தைத் தூக்கினால் கண் திறக்கும்.

கீழ் இமையில் கொழுப்பைப் பெரும்பாலும் உட்புறமிருந்தே எடுக்கலாம். வயதானவர்களுக்குக் கீழ் இமை தளர்ந்திருக்கும். அதை விரலால் கீழே இழுத்துவிட்டால் கண் சிமிட்டாமலே சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், மெதுவாகத் திரும்பினால் தளர்வு. அதைப் பொருட்படுத்தாமல் தோல் எடுத்தால் இமை வெளிப்பக்கம் புரண்டுகொள்ளும், கண்ணீர் ஓயாமல் வழியும். முதலில் வெளிக்கோடியில் இமையை இறுக்க வேண்டும்.

இந்த அறுவைக்குப் பயிற்சி பெற்ற கண் மருத்துவப் பிரிவுக்கு ஆக்குலோபிளாஸ்டி என்று பெயர். தமிழ்நாட்டின் பெரிய கண் மருத்துவமனைகளில் இதற்குத் தனிப்பிரிவு உண்டு.

## கோளாறு எங்கே வரும்

தோலை அதிகம் எடுத்தால் தூக்கத்தில் கண் மூடாது. கருவிழி காய்ந்து புண்ணாகும். காது மடலுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்டவும் நேரலாம். முன்பே கண் வறட்சி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பதால், கீழ் இமையில் காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடத்தில் எத்தனை மி.மீ. நனைகிறது என்று பார்ப்பது நல்லது. 5 மி.மீ.க்குக் குறைந்தால் கடும் வறட்சி. லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியில் செய்யும் லேசர் சிகிச்சை) செய்துகொண்டவர்கள் குறைந்தது ஆறு மாதம் பொறுத்துச் செய்வது உத்தமம்.

டோசிஸ் அறுவையில் ஒரு விசித்திரம் உண்டு. மூளை இரண்டு இமைகளுக்கும் ஒரே அளவு கட்டளைதான் அனுப்புகிறது, இதற்கு ஹெரிங் விதி என்று பெயர். ஒரு இமை இறங்கினால் மூளை கட்டளையைக் கூட்டும், அதனால் மற்ற இமை வேண்டியதைவிட உயரமாக நிற்கும். இறங்கியதைச் சரிசெய்ததும் கட்டளை தணியும், 'நல்ல' கண் இறங்கிவிடும். முன்கூட்டியே கண்டுபிடிக்க, இறங்கிய இமையை விரலால் தூக்கிப் பிடித்து மறு கண்ணைப் பார்த்தாலே போதும்.

மிக அபூர்வமானதும் மிகக் கொடியதும் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது. அழுத்தம் ஏறிப் பார்வை நரம்புக்கு ரத்தம் போகாமல் நின்றால் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே பார்வை போகலாம். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். லேசான வலியும் கன்றிப்போவதும் இயல்பு. ஆனால் ஒரு கண்ணில் மட்டும் குடையும் வலி, கல்போல் விறைத்த வீக்கம், பார்வை மங்கல் என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. தையலைப் பிரித்து அழுத்தத்தை விடுவித்தால் பார்வையைக் காப்பாற்றலாம்.

ரத்தம் கட்டும் ஆபத்தைக் குறைக்கத்தான் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக மாத்திரையை நிறுத்தவே கூடாது, அதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

## முதல் இரண்டு வாரம்

முதல் 48 மணி நேரம், விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை 10 முதல் 15 நிமிடம் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். தையல் 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். கன்றிய நிறம் மறைய 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை குடம் தூக்குவது, குனிந்து கோலம் போடுவது, முக்கி மலம் கழிப்பது எதுவும் கூடாது, எல்லாம் ரத்த அழுத்தத்தை முகத்துக்கு ஏற்றும். எண்ணெய்க் குளியலும் சீயக்காயும் வேண்டாம். கண் மையும் கான்டாக்ட் லென்ஸும் இரண்டு வாரம் கழித்து. நம் தோலில் தழும்பு கறுப்பதுண்டு, வெயிலில் போகும்போது கூலிங் கிளாஸ் போடுங்கள். இறுதி வடிவம் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். முதல் வாரத்தில் இரு கண்ணும் ஒத்துப்போகவில்லையே என்று கலங்க வேண்டாம்.

## பிறவியிலேயே இறங்கிய இமை

குழந்தைக்கு இமை இறங்கியிருந்தால் "வளர வளர சரியாகிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பிறவி டோசிஸ் பொதுவாகத் தானாகச் சரியாவதில்லை. அங்கே கயிறு நழுவவில்லை, தசையே சரியாக உருவாகவில்லை.

பார்க்கக் கற்றுக்கொள்வது கண் மட்டுமல்ல, மூளையும்தான். முதல் ஏழெட்டு வயதுக்குள் தெளிவான படம் போகாத கண்ணை மூளை ஒதுக்கிவிடும். இதுவே சோம்பல் கண். பின்னாளில் இமையைத் தூக்கினாலும் அந்தப் பார்வையை முழுமையாக மீட்பது கடினம். இமை பாவையை மூடியிருந்தால் கைக்குழந்தையாக இருக்கும்போதே அறுவை செய்ய வேண்டிவரும். பாவை திறந்திருந்தால் 3 முதல் 5 வயதுவரை பொறுக்கலாம், தொடைத் திசு எடுக்கவும் அந்த வயது தேவை. அதுவரை பரிசோதனையை மட்டும் விட்டுவிடக் கூடாது. இறங்கிய இமை கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றுவதால் கண்ணாடி தேவைப்படலாம், நல்ல கண்ணை மூடிவைக்கும் பயிற்சியும் தேவைப்படலாம்.

மோவாயைத் தூக்கிக்கொண்டு பார்க்கும் குழந்தையை "திமிரா பாக்குறான்" என்று திட்டாதீர்கள், இமைக்குக் கீழே கிடைக்கும் இடைவெளி வழியாக அவன் இரண்டு கண்ணாலும் பார்க்க முயல்கிறான். முன்பு அப்படிப் பார்த்த குழந்தை திடீரென்று அதை விட்டுவிட்டால்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்: அந்தக் கண்ணைப் பயன்படுத்துவதையே கைவிட்டிருக்கலாம்.

நெற்றியோடு இணைக்கும் அறுவைக்குப் பின் குழந்தை தூங்கும்போது கண் ஓரிரு மி.மீ. திறந்தே இருக்கும். பல மாதங்கள், சிலருக்கு அதற்கும் மேலாக, இரவில் கண் களிம்பு தடவ வேண்டும். மின்விசிறியின் நேர்காற்று முகத்தில் படாதபடி படுக்கையை மாற்றிப் போடுங்கள். கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்த்தாலே குழந்தை முகத்தைத் திருப்பினால் கருவிழி காய்ந்திருக்கலாம். அன்றைக்கே கூட்டிப் போங்கள்.